லாபம், ரெண்டு

பாகம் நூற்றுப் பதினேழு, அவனியாபுரம்.
ஆயிரத்து நூற்றிரண்டு வாக்காளர்.
காலையில் அங்கன்வாடி,
மூணு மணிக்கு மேல் வீடு வீடாகச் சரிபார்ப்பு.

மரக்காலன் என்று முடிகிற வீடுகளை
ஓர் அலுப்பில்தான் எண்ணத் தொடங்கினேன்.
நெல் அளக்கிறவர் ஒன்று என்று சொல்லமாட்டார்,
முதல் மரக்காலுக்கு லாபம் என்பார்.
நானும் பெட்ரோல் பங்க் சந்தின் முதல் வீட்டை
லாபம் என்று பென்சிலால் குறித்தேன்.

லாபம்: கார்மேக மரக்காலன். மாடி வீடு, நாலு ஓட்டு.
பூட்டனார் கீழமாசி வீதி மண்டிக்கே அளந்தவராம்,
ஊரில் பாதி வயல் அவருடையதாம்.
"நாங்கதாம்மா அசல், மத்ததெல்லாம் ஒட்டு" என்றார்
மாங்கன்று விற்கிறவர் மாதிரி.
காரின் பின்கண்ணாடி முழுக்க அந்தப் பெயர்,
பின்னால் வருகிறவர் தெரியாத அளவுக்கு.

ரெண்டு: ஆட்டோ சந்தனராசு.
அவர் வீட்டில் அது அளவை இல்லை, கட்டைக்கால்.
பர்மாவில் கால் போன ஒருவர்
தட்டித் தட்டி நடந்தே வந்து சேர்ந்தாராம்.
எந்தக் கால் என்று கேட்டேன்.
அவர் இடது என்றார், அவர் மனைவி வலது என்றார்,
ஒரே நேரத்தில்.

ஏழாவது வீட்டுக்கு அட்டையில் ஓரெழுத்து மாறி
மரக்கலன் என்று அச்சாகியிருந்தது.
பையன் அதையே நம்பி
கப்பல் விட்ட பரம்பரை என்று
முழங்கையில் நங்கூரம் பச்சை குத்தியிருக்கிறான்.
வைகையில் முட்டளவு தண்ணீர் வந்தாலே
பாலத்தில் நின்று படம் பிடிக்கிற ஊர் நம்முடையது.
திருத்தவா என்றேன்.
இருக்கட்டும்க்கா என்றான்.

பதினாலு. இருபத்திரண்டு.
தோஹாவுக்குப் போக எழுதிக் கொடுத்த படிவத்தில்
குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கக்கூடாதாம்;
அதுவரை முன்னெழுத்தில் ஒற்றை 'ம'வாக
முடங்கிக் கிடந்தது முழுசாக எழுந்து உட்கார்ந்தது.
கல்யாணமாகி வில்லாபுரம் போன நாகரத்தினம்:
பெயர் இங்கே, ஆள் அங்கே. படிவம் எட்டு.
ஜோஷிகா மரக்காலனுக்கு நாற்பது நாள்தான் ஆகிறது.
தொட்டிலை ஆட்டிவிட்டு வந்தேன்.

கண்மாய்க்கரைக் காலனியில்தான்
எண்ணிக்கை பிய்த்துக்கொண்டு போனது.
முப்பத்தொன்று, நாற்பது, ஐம்பத்தாறு.
இங்கே யாரும் மண்டி சொல்லவில்லை,
கட்டைக்கால் சொல்லவில்லை.

தண்ணி லாரியைக் கழுவிக்கொண்டே
பிச்சைமணி என் முகம் பார்க்காமல் சொன்னார்:
"அவுக அளந்தாக. எங்களுக்கு அளந்தாக.
குத்தகை நெல்லுக்குக் கூம்பா,
கூலி நெல்லுக்குத் தலைதட்டி.
கணக்குல எழுதுனது
மரக்காலன் ஆளு காத்தான், மரக்காலன் ஆளு முனியன்.
பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வாத்தியாரு..."

தலைக்கு மேல் சென்னை விமானம் இறங்கியது.
சக்கரங்கள் தெரிந்தன. அது போகும்வரை
அவர் டயரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"...வாத்தியாரு 'ஆளு'வ மட்டும் அழிச்சிட்டாரு."

நல்லவர்தான் போல அந்த வாத்தியார்.
அல்லது இடம் போதாத பதிவேடு.
என் பேனா மூடியைத் தேடுகிற சாக்கில்
கொஞ்ச நேரம் பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறுபத்துமூன்றில் நின்றது.
அளந்த வீடு ஒன்று.
கட்டைக்கால், கப்பல், கட்டம் நிரப்பியவர்கள் என்று
ஒரு கைப்பிடி.
மற்றதெல்லாம் அளந்து வாங்கியவர்கள்.

மறுநாள் கார்மேகம் போன் செய்தார்.
கவுன்சிலருக்கு நிற்கப் போகிறாராம்.
"நம்ம பேர்ல எத்தனை ஓட்டும்மா தேறும்?
எல்லாம் நம்ம சொந்தம்தானே."
குரலில் நெல் கூம்பாகக் குவிந்தது.

இன்னொரு தடவை எண்ணணும்ங்க என்று வைத்துவிட்டேன்.

பென்சிலைச் சீவினேன்.
இந்தத் தடவை கண்மாய்க்கரையிலிருந்து.

பிச்சைமணி:
லாபம்.